தோல் வேண்டாத கார்

யூரோக் காசு வந்த புதிதில், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் கோயில் ஐயர் பழைய கார் வாங்கப் புறப்பட்டார். ஜெர்மன் பேச ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

வேட்டிக்கு மேல் தடித்த குளிர்ச்சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. துணி இருக்கைக் கார்களை, அபிஷேகப் பால் சிந்தினால் கழுவ முடியாதென்று முதலிலேயே ஒதுக்கிவிட்டார். எந்தக் காரைத் திறந்தாலும் இஞ்சினைப் பார்க்கமாட்டார். குனிந்து இருக்கையை மோந்து பார்ப்பார். பிறகு அதன் அடிவிளிம்பைப் புரட்டுவார். உள்ளே நெய்த துணி தெரிந்தால் போலித்தோல், நார் நாராக இருந்தால் மாட்டுத்தோல். எல்லாரும் அசலைத் தேடித்தான் இப்படிப் பார்ப்பார்கள். இவருக்கு வேண்டியது போலி.

விற்பனைக்காரர் "அசல் தோல்!" என்று பெருமையாகத் தட்டிக் காட்டக் காட்ட, ஐயர் பின்வாங்கிக்கொண்டே போனார். என் சனிக்கிழமைகள் எல்லாம் இப்படியே போயின.

"சிவபெருமானே மாட்டிலைதானே ஐயா வாறார்?" என்று ஒருநாள் வெடித்தேன்.

"ஓம் தம்பி. அது உயிரோடை இருக்கிற மாடு."

கடைசியில் ஒரு காரின் இருக்கைக்கடியில் துணி தெரிந்தது. ஐயரின் முகம் மலர்ந்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டதென்று நினைத்த விற்பனைக்காரர், "ஆனால் ஸ்டியரிங் அசல் தோல்" என்று அவசரமாக ஆறுதல் சொன்னார்.

"என்ன தம்பி சொல்லுறார்?"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ஐயர் சற்று யோசித்தார். பிறகு கம்பளிக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

கொளுத்தும் ஜூலையிலும் அந்தக் கையுறைகளோடுதான் ஓட்டினார். பிரேக்கை மிதிக்கும் அவருடைய கறுத்த சப்பாத்து என்ன தோலென்று கேட்க எனக்குத் தெம்பு மிச்சமிருக்கவில்லை.