துரை புகை விடுகிறார்

தீக்குச்சியைக் கிழித்ததும் உடனே பற்றவைக்க மாட்டார். மருந்து வாடை எரிந்து தீரட்டும் என்று குச்சியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பிறகு சுடர் படாமல் சூடு மட்டும் படும்படி, விரல் நீளமுள்ள அந்தச் சிறிய சிகாரைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். குளித்த குழந்தைக்குத் தலை துவட்டுகிற பதம் அது. ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டாம் மாடி பால்கனியில் நடக்கிற காரியம்.

ஆசாமி லிஃப்ட் மெக்கானிக். மற்ற எல்லாவற்றிலும் அவசரக்குடுக்கை. டீயைக் கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் இறக்குவார். நடந்தால் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போலிருக்கும். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைக் கதவுக்கு வெளியே நின்று அதட்டுவார்: "பொறுமையா இருங்க சார், நான்தான் அவசரமா வந்துட்டேன்ல!"

சிகார் கையில் வந்துவிட்டால் ஆள் வேறு. "இதை உள்ள இழுக்கக் கூடாது. வாயில கொஞ்ச நேரம் உக்காரவச்சு, மரியாதையா வழியனுப்பணும்" என்பார். சாம்பலைத் தட்டமாட்டார், தானாக விழும்வரை கை அசையாது. முதலில் மர வாசனை, நடுவில் காப்பிக்கொட்டை, முடிவில் மிளகுக் காரம் என்று அவர் சொல்வதை உடன் வேலை செய்கிறவர்கள் ஒருவரும் நம்பவில்லை. சாதா சிகரெட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் விலை உயர்ந்த சரக்காகப் பார்த்து வாங்குகிறாரே என்று 'துரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. "துரை புகை விட உக்காந்தாச்சா?" என்று மனைவி பால்கனிக் கதவை அறைந்து சாத்துவார்.

"சுருட்டு நாத்தம் வீடு பூரா!"

"சுருட்டுன்னு சொல்லாதே. சிகார்."

"சுருட்டி வச்சிருந்தா சுருட்டுதான்."

"சும்மா வந்து பக்கத்துல உக்காரேன், பேசிக்கிட்டிருக்கலாம்" என்று இவரும் வாராவாரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். கதவு திறந்ததில்லை. வாரத்தில் துரை ஓரிடத்தில் உட்காருவதே அந்த அரைமணி நேரம்தான். அதிலும் தனியாக உட்காருவது அவருக்கு உள்ளூர வருத்தம்.

சிகாருக்கு ஈரப்பதம் வேண்டும். காய்ந்துபோனால் வெறும் சருகு. அதனால் ஒரு டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சுத் துண்டோடு அடுக்கி, இறுக மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். மனைவி அதை விரல் நுனியாலும் தொட்டதில்லை. போன வாரம் இவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது, அலமாரி துடைக்கிற சாக்கில் தொட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். முகமெல்லாம் பெருமை.

"திறந்து பார்த்தா எல்லாம் நமுத்துக் கிடந்துச்சுங்க! ஈர ஸ்பாஞ்சை வேற மறந்தாப்புல உள்ள போட்டு மூடியிருக்கீங்க. அதைத் தூக்கிப் போட்டுட்டு, பேப்பர்ல பரப்பி நாலு நாள் வெயில்ல வச்சேன். இப்பப் பாருங்க, மொறுமொறுன்னு இருக்கு!"

துரை டப்பாவுக்குள் பார்த்தார், அத்தனையும் சருகு. திட்டுவதற்கு வாயைத் திறந்தும் விட்டார். ஆனால் பிஸ்கட்டோ தீப்பெட்டியோ நமுத்துப்போனால் பதறுகிற மனுஷி, பிடிக்கவே பிடிக்காத இந்தச் சுருட்டுக்காகவும் பதறியிருக்கிறார். வெயில் நகர நகரப் பேப்பரை இடம் மாற்றி வைத்திருக்கிறார். திறந்த வாயில் ஒரு சிகாரை வைத்துக்கொண்டார் துரை.

பற்றவைத்ததும் படபடவென்று பொரிந்தது. சுற்றியிருந்த மேலிலை வெடித்துத் தூள் சட்டையில் கொட்டியது. நெருப்பு விறுவிறுவென்று ஏற, நாக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எப்படி இருக்கு?"

"இந்த மாதிரி ஒண்ணு நான் குடிச்சதே இல்லம்மா!" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை.

"பின்னே? இத்தனை நாளும் நமுத்ததையே குடிச்சிருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காயவச்சுத் தந்திருக்க மாட்டேனா?" என்றபடி மனைவி உள்ளேயிருந்து முக்காலியை இழுத்துவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் எழுந்து போகவில்லை. மேல்வீட்டுக் குழாய் ஒழுகுவதிலிருந்து பேச்சு ஆரம்பமாயிற்று.

காற்று திரும்பி, புகை மனைவி பக்கம் போனது. துரை சட்டென்று எழுந்தார். "நீ இப்படி வா" என்று தம்முடைய நாற்காலியில் மனைவியை உட்காரவைத்துவிட்டு, முக்காலியில் போய் உட்கார்ந்து, அந்தக் காரப் புகை முழுவதும் தம் முகத்திலேயே அடிக்கும்படி திரும்பிக்கொண்டு, "ம், அப்புறம்?" என்றார்.