மான்கள் பிரித்த மூட்டைகள்

வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடிந்து கோயிலிலிருந்து இறங்கி வரும்போது, வீதியோரம் ஒரு பெண்மான் எதையோ மென்றுகொண்டு நின்றது. வாயோரத்தில் பிளாஸ்டிக் சொப்பிங் பையின் காது தொங்கியது. உள்ளே இருந்த வாழைப்பழ வாசனைக்குத்தான் தின்கிறது. இழுத்தெடுக்கக் கிட்டப் போனேன், விழுங்கிவிட்டு ஓடியது. அந்த இடத்திலேயே யோசனை வந்துவிட்டது. எங்கள் அறநெறி வகுப்பின் இளைஞர் முகாம் இந்த முறை பேச்சோடும் பஜனையோடும் முடியக்கூடாது. இந்தச் சரிவைத் துப்பரவாக்க வேண்டும்.

"மானுக்கு முகாமோ?" என்று வகுப்பில் சிரித்தார்கள். ஆனாலும் வந்தார்கள். தேவாரம் பாடிவிட்டுப் பற்றைக்குள் இறங்கினோம். பூவும் பழத்தோலும் ஒட்டிய பைகளை அப்படியே கறுப்பு மூட்டைகளில் திணித்து, காலையில் குப்பை ஏற்ற வருவார்கள் என்று வீதியோரம் அடுக்கினோம். அதன் முன்னால் நின்று படம் எடுத்தோம். பின்னேரம் வான் வந்து எல்லோரையும் ஏற்றிப் போனது. என் வீடு பக்கத்தில், அன்புவழிபுரத்தில். நடந்தே போனேன்.

மறுநாள் விடியப் போய்ப் பார்த்தால் மூட்டைகள் கிழிந்து கிடந்தன. நடுவில் மான்கள்.

முகாமை நடத்திய அண்ணாவுக்கு அழைத்தேன்.

"எல்லாத்தையும் மான் பிரிச்சுப்போட்டுது அண்ணா."

"நாங்களே பந்தி வைச்சிட்டம் போல! நான் வேலைக்கு வெளிக்கிட்டன் தங்கச்சி, இண்டைக்கு ஏலாது. ஆரையும் கேட்டுப் பாருங்கோ."

போனில் எங்கள் முகாம் குழுவில் கேட்டேன். கைகூப்பும் படங்கள் மட்டும் வந்தன. மான்களை விரட்டிவிட்டு, தோலையும் பூவையும் உதறி, பைகளை வேறாக்கத் தொடங்கினேன். நேற்றைய படத்துக்கு இதயங்கள் விழ விழ, பொக்கற்றுக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"தனியவோ பிள்ளை? நேற்று ஒரு படையே நிண்டது," என்றார் பக்கத்தில் அர்ச்சனைச் சாமான் விற்கும் அக்கா.

"அது படம் எடுக்க வந்த படை அக்கா."

அவர் சிரித்தபடியே ஒருவருக்குப் பழமும் பூவும் சொப்பிங் பையில் போட்டுக் கொடுத்தார். நான் அதையே பார்த்தேன்.

"ஓலைப்பெட்டியில குடுத்தால் என்ன அக்கா?"

"பெட்டி திரும்பி வருமோ?"

"கோயில் வாசலில நிண்டு நான் திரும்ப வாங்கித் தாறன்."

"ஒரு வெள்ளிக்குப் பாப்பம்."

பையை விழுங்கிய அந்தப் பெண்மானை இன்னும் காணவில்லை. வெள்ளிக்கிழமை வரச்சொல்லிக் குழுவில் போட்டேன். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், பதில் இல்லை. சந்தையில் பத்துப் பெட்டி வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்பே போய் வாசலில் நிற்பேன்.