அரைச் சுற்றும் இரண்டு பிளேடும்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்கார்ந்துகொண்டதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாவதுக்கு மேல் படிக்காதவன் நான். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னாலே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். ஷார்ஜாவில் ஒரு கேரேஜில் என்ஜின் வேலை பார்க்கிறேன். போன லீவில் ஊரில் நடந்ததைச் சொன்னால், என்னைப் போல இரண்டு இடத்திலும் கை வைத்துப் பிழைக்கிறவர்களுக்குப் புரியும் என்று தோன்றியது. அதனால்தான் துணிந்தேன்.

இங்கே என்ஜினை அணைக்காமலேயே வண்டியை விட்டு இறங்கிக் கடைக்குள் போய்விடுகிறார்கள். ஏசி குளிர்ந்தபடி, உள்ளே ஆளில்லாமல், தெருவோரம் வரிசையாக எட்டு சிலிண்டர் அமெரிக்க வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்றாலும் ஓடுவது தெரியாது. பானெட்டில் கை வைத்தால் லேசாக அதிரும், அவ்வளவுதான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் பம்புசெட் என்ஜின் ரிப்பேர் செய்துகொண்டிருந்த எனக்கு இது பழக நாளானது. அங்கே என்ஜின் ஓடினால் அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நின்றுபோனது என்று அர்த்தம்.

வந்த புதிதில் ஒரு வண்டிக்கு ராக்கர் செட்டிங் செய்யச் சொன்னார்கள். வால்வை அழுத்தித் திறக்கிற இரும்புக் கைதான் ராக்கர். ஊர் வழக்கப்படி ஒவ்வொரு வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே இடைவெளி விட்டு நட்டை இறுக்கினேன். வண்டிக்காரர் ஒரு வயதான அரபி. ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டு, ஒரு கையை மேலும் கீழும் குத்துவது போல ஆட்டி என்னவோ கேட்டார். துணி தைப்பது போல இருந்தது. தையல்காரரைத் தேடுகிறார் போலிருக்கிறது என்று எதிரே இருந்த தையல் கடையைக் காட்டினேன். அவர் கடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளேயிருந்து எங்கள் ஃபோர்மேன் பாய் வந்தார். வாலாஜாபாத்துக்காரர். சிரித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏகாம்பரம், அவுரு உன் வேலைய தையல் மெஷின் மாதிரி கீதுன்றாரு. நீ இன்னாடான்னா டெய்லருக்கு வயி காட்டிக்கினு கீற."

"கேப்பு வெச்சேன் பாய். கேப்பு இல்லாம எப்டி?"

"நம்மூரு இரும்புக்குத்தான் கேப்பு. இதுல லிஃப்டர் உள்ள எண்ணெ கீது. அதுவே ஏறி எறங்கிக்கும். கேப்பு வெச்சா பேஜாரு."

பாய்தான் முழுவதும் கற்றுக்கொடுத்தார். கீழேயிருந்து தூக்கிவிடுகிற லிஃப்டருக்கும் மேலே இருக்கிற ராக்கருக்கும் நடுவே நிற்கிற கம்பிதான் புஷ் ராடு. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை லேத்தில் சீவினால் அது கொஞ்சம் கீழே இறங்கிவிடும், பழைய ராடு நீளமாகிப் போகும். அதனால் அளவெடுக்க ஒரு ராடு உண்டு. நடுவில் மரை போட்டது, திருகினால் நீளும், குறையும். வால்வு தலையில் மை தடவி, அந்த ராடைப் போட்டு, என்ஜினைக் கையால் சுற்றினால் ராக்கர் உரசிய தடம் தெரியும். தடம் தலையின் நடுவில் ஒல்லியாக விழுந்தால் அதுதான் சரியான நீளம். பிறகு செட்டிங். வால்வு மூடியிருக்கும்போது ராடை மேலும் கீழும் அசைத்தபடி நட்டை இறக்க வேண்டும். ஆட்டம் அடங்கியதும் அங்கேயிருந்து இன்னும் அரைச் சுற்று. அந்த அழுத்தத்தை லிஃப்டருக்குள் இருக்கும் எண்ணெய் வாங்கிக்கொள்ளும். ஓர் அறைக்குள் அடுக்குக் கட்டில்களில் நெருக்கியடித்துப் படுத்து எழுந்து பழகிய எங்களுக்கு அதைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இல்லை. வருஷங்கள் ஓடியதில் அந்த அரைச் சுற்று என் மணிக்கட்டில் ஏறிவிட்டது.

போன பங்குனியில் லீவில் போனேன். என் தங்கை குமாரியைச் சாலவாக்கம் பக்கம் கொடுத்திருக்கிறோம். ஏரி வற்றிவிட்டது. கரண்ட் கேட்டு எழுதிப்போட்டது இன்னும் வரவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது, இறைக்க டீசல் என்ஜின் ஒன்றுதான் வழி. அது சூடேறி ஹெட் வளைந்து, லேத்தில் கொடுத்து வழித்துச் சீவி வாங்கியிருந்தார்கள். மாட்டினால் ஓடவில்லை. ராக்கர் திருகைக் கடைசி மரை வரை தளர்த்தியும் புஷ் ராடு வால்வை அழுத்திக்கொண்டே நின்றது. நவரை நெல் பால் பிடிக்கிற சமயம். வயல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. அன்றைக்குத் தண்ணீர் விடாவிட்டால் அறுக்கப் போவது பதர்தான் என்று குமாரி அழாமல் சொன்னாள்.

அவள் புருஷன் வேலு மட்டும் தெம்பாக இருந்தார். டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். "எங்க மச்சான் ஃபாரின் செட்டிங் பண்ணப் போறாரு. என்ஜின் ஓடறதே தெரியாது பாருங்க." எனக்கு நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

உத்திரமேரூர் லேத்துக்காரர், "அளவு குடு, அறுத்துத் தரேன். எவ்ளோன்னு எனுக்கு எப்டித் தெரியும்?" என்றார். அதுவும் நியாயம். கழித்துப்போட்ட பழைய ராடு ஒன்றை இரண்டாக வெட்டி, மரை போட்டு, நடுவில் போல்ட் வைத்து அளவு ராடு செய்துகொண்டேன். மைக்கு எங்கே போவது? குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வால்வு தலையில் வைத்தேன்.

"பொட்டு வெச்சா தண்ணி வந்துடுமாண்ணா?" என்றாள் குமாரி.

"ஏன், உனுக்கு வெச்சப்போ நான் வரலியா?" என்றார் வேலு. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குங்குமத்தில் தடம் நடுவாக விழும்வரை திருகி, அந்த நீளத்துக்கு ராடுகளை அறுத்து முனை பொருத்தி வாங்கி வந்தேன். மாட்டினேன். ராடை அசைத்தபடி திருகை இறக்கினேன். ஆட்டம் அடங்கியது. லாக் நட்டை இறுக்கிவிட்டு நகர்ந்தேன்.

வேலு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். பம்பரம் மாதிரி சுற்றியது. "பாத்தியா, ஒரு கையில சுத்தறேன். ஃபாரின் செட்டிங்குன்னா சும்மாவா?" வேகம் பிடித்ததும், காற்றை உள்ளே அடைக்கிற லீவரைத் தட்டினார். புஸ்ஸென்று காற்று போனது. மறுபடி சுற்றினார். மறுபடி புஸ். மூன்றாவது முறை சட்டை நனைந்துவிட்டது.

குமாரி ஹேண்டிலை வாங்கிப் பாதிச் சுற்று சுற்றிப் பார்த்தாள். தினமும் அதை ஓட்டுகிறவள் அவள்தான். "இன்னாண்ணா இது, தெனம் எங்கைய ஒதைக்கும். இப்போ செத்த பாம்பாட்டம் சுத்துது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆட்டம் அடங்கிய இடத்தில் என் கை நிற்கவில்லை. என்னைக் கேட்காமலே இன்னும் அரைச் சுற்று இறக்கியிருந்தது. இந்த என்ஜினில் எண்ணெய் லிஃப்டர் ஏது? வெறும் இரும்பு. அழுத்தினால் வால்வு மூடாது, காற்று உள்ளே அடைபடாது, கம்ப்ரஷன் நிற்காது. இரும்புக்குச் சூடேறினால் நீள இடம் வேண்டும் என்று, ஒரு காலத்தில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"மாப்ள, கேப்பு வெக்கணும்."

"கேப்பு வெச்சா பழையபடி டக்குடக்குன்னு கத்துமே. கடையில சொல்லிட்டேனே மச்சான்."

"கத்தட்டும். ரெண்டு சவர பிளேடு எடுத்தா."

இடைவெளி அளக்கிற ஃபில்லர் கேஜ் ஷார்ஜாவில் இருந்தது. ஊரில் நாங்கள் எப்போதும் பிளேடில்தான் வைப்போம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இழுத்தால் லேசாகப் பிடிக்கிற அளவுக்குத் திருகைத் தளர்த்தினேன். இந்த முறை குமாரியே சுற்றினாள். ஹேண்டில் அவள் கையை உதைத்தது. கரும்புகை கக்கி, என்ஜின் டக்குடக்கென்று ஆரம்பித்துவிட்டது. வேலு வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் நல்லாக் கீது" என்றார்.

குழாயில் தண்ணீர் விழுந்ததும் குமாரி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடி மடையைத் திறந்தாள். வெடிப்புகள் குடித்துக் குடித்து, பிறகு தண்ணீர் மெல்ல மேலே நின்றது. நானும் இறங்கினேன். கால் கணுக்கால் வரை சேற்றில் புதைந்தது, சுகமாக இருந்தது. ஆனால் காதுக்கு அந்தச் சத்தம் நோய் மாதிரியே கேட்டது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே என் வலது கை, சத்தத்தை அடக்குவதற்காக, பையில் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மேட்டு வயலுக்கும் தண்ணீர் ஏறியது. நான் லீவு முடிந்து சாலவாக்கத்தில் டவுன் பஸ் பிடித்து விமானத்துக்குப் போனேன்.