கார்த்தேஜில் கட்டிய தொட்டில்

நன்றாக விற்றுக் கொடுக்கும் கடைக்காரர்களை உரக் கம்பெனிகள் வெளிநாட்டுச் சுற்றுலா கூட்டிப்போகும். எல்லாருக்கும் பாங்காக் அலுத்துவிட்டதால் அந்த வருடம் துனிசியா. உரம் செய்கிற பாறை அங்கிருந்துதான் வருகிறதாம். விளாங்குடியில் உரக்கடை வைத்திருக்கும் என் தங்கை கணவருக்கு, மனைவியோடு சேர்த்து இரண்டு டிக்கெட் கிடைத்தது. தன் அம்மாவுக்கும் ஒன்று கூடுதலாக வாங்கிக்கொண்டார். அந்த அம்மாவோடு ஒரு வாரம் இருந்தால் தங்கச்சி என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

அங்கே எங்களைக் கார்த்தேஜுக்குக் கூட்டிப்போனார்கள். லெபனான் பக்கத்து வணிகர்களான பினீசியர்கள் அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்து கட்டிய துறைமுக நகரம். பிறகு ரோமானியர்கள் வந்து இடித்துத் தள்ளினார்கள். இப்போது உடைந்த தூண்களும் சுவர்களும் கடலைப் பார்த்துக் கிடக்கின்றன. வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஒருவரும் கேட்கவில்லை. “இதுக்கா மாப்ள இம்புட்டுத் தூரம் வந்தோம்? நம்ம கீழடியிலயே நல்லாத் தோண்டி வச்சிருக்காய்ங்க” என்றார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் கூலிங் கிளாஸோடு தூண் மேல் ஏறி நின்று, கீழே நின்ற மனைவியிடம் படம் சரியாக எடுக்கத் தெரியவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்.

என் தங்கை கணவர் மட்டும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லையே, மனுஷனுக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

“மதினி, கடலோரம். பிளாட் போட்டா சென்ட் எம்புட்டுக்குப் போகும்?”

“ரோமாபுரிக்காரன்ட்ட கேளுங்க மாப்ள. கடைசியா எடத்தக் காலி பண்ணுனது அவன்தான்.”

அவர் தீவிரமாகத் தலையாட்டினார். கிண்டல் என்றே புரியவில்லை. இவருக்குத்தான் என் தங்கை ஒன்பது வருடமாகச் சோறு போடுகிறாள்.

அந்த ஒன்பது வருடமும் பிள்ளை இல்லை. ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் அவளுக்குத்தான். “ஒரு தடவை நீங்களும் வந்து காட்டுங்க” என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வாசலோடு சரி. எனக்கென்ன குறை என்று மீசையைத் தடவுவார். அவர் அம்மாவுக்கோ, கோயில் கோயிலாக மருமகளை இழுத்துப்போய் மரத்தில் தொட்டில் கட்டவைப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. கைப்பையில் மஞ்சள் துணி எப்போதும் இருக்கும்.

துனிசியாவுக்கும் அந்தத் துணி வந்திருந்தது.

மத்தியானம் ஒரு சின்னத் தோப்புக்குள் போனோம். வழிகாட்டி டிக்கெட் வாங்க வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டிக் கற்கள் நட்டிருந்தன. சிலவற்றில் பாவாடை கட்டிய பெண் கையைத் தூக்கி நிற்பது போலக் கோடு செதுக்கியிருந்தது. தங்கையின் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டார். “ஆத்தாடி, இங்கயும் கன்னிமாரு இருக்காளுகடி!” கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த கடைக்காரர்களும் கும்பிட்டார்கள். யார் என்ன என்றெல்லாம் விசாரிக்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு ஏது? கல் நட்டிருந்தால் போதும்.

ஓரத்தில் ஓர் அத்திமரம். மாமியாரே கிளையைக் காட்டினார், மாமியாரே துணியைக் கொடுத்தார், பிள்ளை மாதிரி உள்ளே வைக்க ஒரு கூழாங்கல்லையும் அவரே பொறுக்கினார். தங்கை கட்டினாள்.

அப்போதுதான் வழிகாட்டி ஓடிவந்து தலையில் கைவைத்தார். அவர் சொன்னதை நான் சத்தமாகத் தமிழில் சொன்னேன். இது குழந்தைகளைப் புதைத்த இடம். கைக்குழந்தைகளை எரித்து, சாம்பலைச் சாடியில் போட்டுப் புதைத்து மேலே கல் நட்டிருக்கிறார்கள். சாமிக்குப் பலி கொடுத்த பிள்ளைகள் என்கிறார்கள் சிலர், நோயில் போனவை என்கிறார்கள் சிலர்.

இதை மட்டும் எல்லாரும் கேட்டார்கள்.

“அவுத்துப் போடுறி அத!” என்று மாமியார் அலறினார். “பிள்ளைகளப் பொதச்ச எடத்துல தொட்டில் கட்டுவாளா ஒருத்தி? போற எடமெல்லாம் ஒன் ராசி கூடவே வருதுடி!”

துணி அவருடையது, கல் அவர் பொறுக்கியது, ராசி மட்டும் என் தங்கையுடையதாம். மாப்பிள்ளை செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, “அம்மா சொல்றதக் கேளேன், எதுக்கு வம்பு” என்றார். அதற்கு வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

தங்கை மரத்தடிக்குப் போனாள். அவிழ்க்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். தொட்டிலுக்குள் கல் சரிந்திருந்ததை நேராக வைத்தாள். முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

“இருக்கட்டும் அத்தை. இம்புட்டுப் பிள்ளைக இங்க மண்ணுக்குள்ள கெடக்கு. ஒண்ணுக்காச்சும் தொட்டில் வேணாமா?”

தங்கை திரும்பி வந்து புருஷன் முன்னால் நின்றாள். கம்பெனி ஆட்கள், கடைக்காரர்கள், அவர்கள் மனைவிமார் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“இனிமே எந்த மரத்துலயும் நான் கட்ட மாட்டேன். ஊருக்குப் போனதும் நீங்க போயி டெஸ்ட் எடுங்க.”