டியர் சார்

கே.கே. நகரில் ஒரு நோட்டரியின் அறையில் நேற்று டைப்ரைட்டர் ரிப்பனின் மை வாசனை அடித்ததும், செல்லூரில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே செல்போன் கடை. மேலே இருபது மிஷின்கள் படபடக்க, கீழே விசைத்தறிகள் ஓட, இரண்டு சத்தமும் ஒன்றாகிவிடும் அந்த அறை எனக்குத் தெரியும். சிறு வயதில் என்னை அங்கே வேவு பார்க்க வீட்டில் அனுப்பியிருந்தார்கள்.

அம்மாவின் தங்கையான என் சித்திக்கு இதயத்தில் ஓட்டை. அதிகம் போனால் இரண்டு வருடம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவள் தினமும் காலை ஆறரைக்குப் பூ வைத்துக்கொண்டு எதற்குப் போகிறாள் என்பதுதான் வீட்டில் சந்தேகம். நான் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். ஓர் எழுத்து தப்பினாலும் தாளை உருவிவிட்டு முதலிலிருந்து அடித்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டில் வந்து சொன்னேன். யாரும் நம்பவில்லை.

ஒருநாள் அவள் தலையணைக்கு அடியில் கிடைத்த தாளை அவளுடைய அண்ணன், என் மாமா, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "டியர்னு ஆரம்பிக்குது. இனிமே நீ அங்க போக வேணாம்."

"அடுத்த வார்த்தையும் வாசிங்கண்ணே."

மாமா எழுத்துக் கூட்டினார். "சார்."

"வேலைக்கு அப்ளிகேஷன்ணே. பரிட்சைக்கு வரும்."

அம்மா சிரித்துவிட்டாள். அந்தக் கோபத்தில் மாமா கேட்டார்: "டாக்டர் சொன்ன பெறகு, வேலைக்குப் போக உனக்கு எம்புட்டு நாள் இருக்கு?"

"கொஞ்சந்தாண்ணே. அதான் ஸ்பீடு கூட்டிக்கிட்டு இருக்கேன்."

மறுநாளும் ஆறரைக்குக் கிளம்பினாள். என்னையும் கூட அனுப்பினார்கள், மாடிப்படியில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஏற.