கொடியில் முடிந்த சீட்டு

நான் முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன். சகுனம், செய்வினை என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுவேன். லண்டன் கிங்ஸ்பரியில் என்னை அறிந்தவர்கள் இதை வாசித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நடந்ததை மாற்றி எழுத எனக்குத் தெரியாது.

மனைவி பூமணியின் மார்பில் இருந்த கட்டியைச் சோதித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில்தான், முன்பே பதிந்திருந்த ஜப்பான் பயணம் வந்தது. போனோம். அங்கே மிகப் பழைய ஷின்டோ கோயில் ஒன்று. வாசலில் குனிந்து வணங்கி, கல்தொட்டியில் கைகழுவி, பெட்டியைக் குலுக்கிப் பலன் சீட்டு எடுக்கிறார்கள். பூமணிக்குக் கெட்ட பலன் வந்தது. அதை அங்குள்ள கயிற்றில் முடிந்துவிட்டால் கேடு அங்கேயே தங்கிவிடும் என்று கோயில் பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள்.

“இஞ்சருங்கோ, கட்டிப்போட்டு வருவம்,” என்றாள் பூமணி.

“கோயிலிலை தந்ததை ஆரும் விட்டிட்டு வருவினமோ? விபூதி தந்தால் அங்கையே கொட்டிப்போட்டோ வாறனி?”

சீட்டை நானே கொண்டுவந்து, லண்டன் வீட்டுச் சாமித்தட்டில் வைத்தேன். மறுநாள் காலை அது தோட்டத்து உடுப்புக் கொடியில், அந்தக் கோயிலில் பார்த்த அதே விதமாக முடியப்பட்டிருந்தது. இரவெல்லாம் மழை, சீட்டில் ஈரமில்லை.

“என்ன பகிடி இது?” என்று பூமணியைக் கேட்டேன்.

“வாதம் பிடிச்ச விரல். சட்டைத் தெறி பூட்டவே ஏலாது, நான் முடிச்சுப் போடுறனோ?”

அவிழ்த்துத் தட்டில் வைத்தேன். அடுத்த நாளும் கொடியில். மூன்றாம் நாளும். அன்று முடிவு சொல்ல ஆசுபத்திரிக்கு அழைத்திருந்தார்கள்.

“இண்டைக்கு மட்டும் அவிழ்க்காதேங்கோ,” என்று கெஞ்சினாள். விட்டிருப்பேன். ஆனால் பக்கத்து வீட்டுச் செல்வம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன மாஸ்டர், நீங்களும் மந்திரம் கட்டத் துவங்கிட்டியளோ?” என்றான். உடனே அவிழ்த்துக் கோட்டுப் பைக்குள் திணித்தேன்.

டாக்டர் நாற்காலியைப் பூமணிக்கு அருகில் இழுத்துப் போட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது.

வீடு திரும்பியதும், செல்வம் பார்க்கப் பார்க்க, சீட்டை நானே கொடியில் கட்டினேன். காலையில் கொடி வெறுமையாக இருந்தது. சீட்டு கோட்டுப் பைக்குள் கிடந்தது.

பூமணி போய் ஐந்து மாதம். நான் ஒவ்வொரு நாளும் கட்டுகிறேன், ஒவ்வொரு காலையும் அது பைக்குத் திரும்பிவிடுகிறது. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். இன்று காலை பையில் இல்லை. என் இடது மணிக்கட்டில், அதே முடிச்சில் இருந்தது.

இன்னும் அவிழ்க்கவில்லை.