நல்வரவில் தொங்கிய மாவடு

“உன் மயில் பழவங்காடியில ஒரு கடையில தொங்கறதுடி, பார்த்தியோ?” என்று மன்னி கேட்டபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோசை கருகியே போயிற்று.

என் வேலை படம் வரைவது. வாசலில் மாட்டும் பலகைகள், விளக்கு மாடத்துக்குப் பின்தட்டு, இப்படி. கேட்கிற வீடுகளுக்கு மட்டும்தான், கடைக்குக் கொடுப்பதில்லை. நான் காகிதத்தில் வரைந்து கொடுப்பேன். கரமனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் அதைப் பலகையில் ஒட்டி, ஸ்க்ரோல் சா மிஷினில், நூல் மாதிரி இருக்கும் பிளேடால் அறுத்துக் கொடுப்பார். என் கோடுகளின் நெளிவு அவர் கைக்குத்தான் வரும். வேறு இரண்டு இடத்தில் கொடுத்துப் பார்த்தேன், மயிலைக் கோழியாக்கிவிட்டார்கள்.

“வரையறது நீ, வெட்டறது அவன். பேப்பர் வேற யார் கைக்குப் போறது? நீயே யோசி” என்றாள் மன்னி. அண்ணா குடும்பம் மாடியில், நான் கீழே. யோசனை சொல்ல மன்னி படியிறங்கி வராத நாளே கிடையாது.

யோசித்தேன். யோசிக்க யோசிக்கப் பட்டறைக்காரர் செய்வதெல்லாம் தப்பாகவே தெரிந்தது. நான் உள்ளே நுழையும்போது போனில் பேச்சை ஏன் நிறுத்துகிறார்? மிச்சப் பலகைமேல் ஏன் சாக்கைப் போட்டு மூடுகிறார்? போன வாரம் காப்பி வாங்கிக் கொடுத்தாரே, அது எதற்கு? சீ, மனுஷர்களை நம்பவே கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழவங்காடிக்குப் போனேன். தேங்காய்க் கடைகளைத் தாண்டி ஒரு பரிசுப்பொருள் கடையின் வாசலில் அது தொங்கியது. என் இரண்டு மயில், என் மாங்கொத்து, நடுவில் என் ‘நல்வரவு’. பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போய், அவர் மேசைமேல் தொப்பென்று போட்டேன்.

“இது என்ன?”

அவர் மிஷினை நிறுத்தி, பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நம்ம டிசைன் போலவே இருக்கு. பட்சே நம்ம வெட்டு இல்ல மாமி.”

“வேற யார் வெட்டுவா?”

அவர் நாங்கள் செய்த பலகையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். “பாருங்க, நம்மதுல ரெண்டாவது எழுத்துக்கு மேல சந்திரக்கலை. இதுல அது இல்ல. ஒரு மாங்கா தொங்குது. இந்த மாங்கா எதுக்கு மாமி?”

“நாடகம் போடாதீங்க” என்று கத்தினேன். அங்கிருந்த என் காகிதங்களை எல்லாம் சுருட்டி, கடைப் பலகையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் மறுபடி மிஷினைப் போட்டுக்கொண்டார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பாலத்தில் பாதி வந்ததும் கால் நின்றுவிட்டது. சந்திரக்கலையா? என் காகிதத்தை விரித்துப் பார்த்தேன். அட கடவுளே! நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் வீட்டில் கற்றுக்கொண்டது. ‘ல்’ எழுதும்போது என் கை புள்ளி வைக்கவில்லை. மலையாளத்தில் புள்ளிக்குப் பதில் வைக்கிற பிறையை, அந்தச் சந்திரக்கலையை, வைத்திருக்கிறது. வாங்கியவர்களும் அலங்காரம் என்று நினைத்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைப் பலகையில் அந்த இடத்தில் புள்ளி இருந்தது. அறுக்கிற வேலையில் தனியாக நிற்கும் புள்ளி உதிர்ந்துவிடும், எதிலாவது ஒட்டியிருக்க வேண்டும். அதற்காக மாங்கொத்திலிருந்து ஒரு காம்பை இழுத்து, புள்ளியை மாவடுவாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பட்டறைக்காரரின் அப்பா மார்த்தாண்டத்திலிருந்து வந்தவர்தான், ஆனால் இவர் பிறந்தது இங்கே, படித்தது மலையாளம். தமிழ் பேசுவார், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. மாங்காய் எதற்கு என்று கேட்டவரா புள்ளி வைத்திருப்பார்?

என் காகிதம் கைக்கு எட்டுகிற இடத்தில், பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தது ஒரே ஒருத்தி. திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

மாடியேறிப் போய்ப் பலகையை நீட்டினேன். “மன்னி, இந்த மாவடு ரொம்ப நன்னா இருக்கு.”

அவள் முகம் மலர்ந்தது. பாவி, மலர்ந்தே விட்டது! அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

“பின்னே என்னடி? ‘ல்’லுக்குப் புள்ளி இல்லாம வாசல்ல மாட்டினா நாலு பேர் சிரிக்க மாட்டாளா? சொன்னா நீ கேக்கறவளா? சாலைக் கடைத்தெருவுல ஒருத்தன்கிட்ட கொடுத்து வெட்டிப் பார்த்தேன். அவன் நிறைய வெட்டிக் கடைக்குப் போட்டுட்டான்.”

“என் படத்தைத் திருடிட்டு, பழியை அந்த மனுஷர் மேல போட்டேளே!”

“திருடலைடி. திருத்தினேன்” என்றாள்.

திருடினாள் என்றால்கூட ஆறியிருக்கும். அந்த மாவடு எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் அன்று முழுக்கப் பொருமினேன்.

மறுநாள் காலையில் காகிதச் சுருளோடு பட்டறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். “தப்பு என்னுதுதான், மனசுல வச்சுக்காதீங்க” என்றும் சொன்னேன். “சாரமில்ல மாமி, போகட்டும்” என்றார். ஆனால் நான் நீட்டிய காகிதத்தை வாங்கவில்லை. ஒரு நாற்காலியைத் துடைத்து மிஷின் பக்கத்தில் போட்டார்.

“நீங்க இங்க இருங்க. ஒட்டும்போது மட்டும் பேப்பரை எடுத்துக் கொடுங்க. வெட்டித் தீர்ந்தா மிச்சத்துண்டு வரைக்கும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. இனி என் கையில ஒண்ணும் வேணாம்.”

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அவர் அறுக்கிறார், நான் மரத்தூளில் தும்மிக்கொண்டு பக்கத்தில் காவல் உட்கார்ந்திருக்கிறேன். வெட்டி முடிந்ததும், நான் கேட்காமலே, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.